பழைய டெர்ம்கேப் கோப்பைத் தொகுப்பிலிருந்து நீக்குவது எப்படி?

தங்கச்சி, உங்கள் கேள்வி இது: மலேசியாவில் பஹாவைச் சுற்றியுள்ள சில தோட்ட ஆபிஸ்களில் செக்ரோலும் (வேலைநாள், சம்பளப் பதிவு) லோரி எடையும் பதியும் நிரல் ஒன்று டெபியன் தொகுப்பாகப் போய்ச் சேர்கிறது. சி மொழியில் எழுதிய பழைய நிரல். எட்சி அடைவுக்குள் தனக்கென்று ஒரு டெர்ம்கேப் கோப்பையும் (டெர்மினல்களின் விவரப் பட்டியல்) வைத்திருக்கிறது. சர்வரைப் புதிய டெபியனுக்கு மாற்றப் போகிறீர்கள். அந்தக் கோப்பை அப்படியே தூக்கிவிடலாமா? தூக்கிப் பார்த்த சோதனையில் தராசு அறைக் கணினியில் எஃப்1 முதல் எஃப்4 வரை ஏன் செத்துப்போயின?

தூக்கலாம், தூக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோப்பில் முன்பு பார்த்தவர் யாரோ கைப்பட எழுதிவைத்த நாலைந்து வரிகள் இருக்கும். அவற்றைப் படிக்காமல் கோப்பை அழித்தால், மாதக் கடைசியில் கிராணி (ஆபிஸ் எழுத்தர்) எஃப்2-ஐ அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு உங்களைத்தான் கூப்பிடுவார். கோப்பு போகட்டும், அதிலுள்ள விவரம் புது இடத்துக்குக் குடிபெயர வேண்டும். இந்த வேலையில் முக்கால்வாசி அதுதான்.

முதலில் மூன்றைத் தனித்தனியே பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று கோப்பு: எந்த டெர்மினலுக்கு எந்தக் குறியீட்டை அனுப்பினால் திரை துடைபடும், எந்த விசை எதை அனுப்பும் என்று சொல்லும் வெறும் எழுத்துக் கோப்பு. இரண்டாவது, டெர்ம்கேப் என்ற சூழல் மாறி: அதில் கோப்பின் பாதையும் இருக்கலாம், ஒரு டெர்மினலின் முழு விவரமும் இருக்கலாம். மூன்றாவது, நிரல் அழைக்கும் செயற்கூறுகள்: டிகெட்எண்ட், டிகெட்ஸ்ட்ர், டிபுட்ஸ் போன்றவை. நீங்கள் கைவிடப்போவது முதல் இரண்டை மட்டும். மூன்றாவதை உடனே கைவிட வேண்டியதில்லை, ஏனென்றால் திரையையும் விசைகளையும் கையாளும் என்கர்சஸ் நூலகம் அதே செயற்கூறுகளைத் தானே வைத்திருக்கிறது. நிரல் டிகெட்எண்ட் என்று கூப்பிட்டால், என்கர்சஸ் உள்ளுக்குள், டெர்ம்கேப்புக்குப் பின்வந்த டெர்மின்ஃபோ தரவுத்தளத்தைத் திறந்து, டெர்ம்கேப் கேட்ட வடிவில் பதில் தருகிறது. ஆகவே நிரலின் மூலத்தை ஒரு வரிகூட மாற்றாமல் மறுபடி கம்பைல் செய்து, என்கர்சஸின் ஒரு பகுதியான டின்ஃபோ நூலகத்தோடு இணைத்தாலே பாதித் தூரம் கடந்துவிடலாம்.

டெர்ம்கேப்பை 1978இல் பெர்க்லியில் விஐ எடிட்டருக்காக எழுதியவர் பில் ஜாய். 1980களின் தொடக்கத்தில் மேரி ஆன் ஹார்ட்டன் (அப்போது மார்க் ஹார்ட்டன்) டெர்மின்ஃபோவை உருவாக்கினார். டெர்ம்கேப்பில் நிரல் தொடங்கும்போதெல்லாம் பெரிய எழுத்துக் கோப்பை மேலிருந்து கீழே தேட வேண்டும். டெர்மின்ஃபோவில் ஒவ்வொரு டெர்மினலுக்கும் முன்கூட்டியே கம்பைல் செய்த சிறு கோப்பு ஒன்று இருக்கும், பெயரைக் கொண்டு நேரே போய்த் திறந்துகொள்ளலாம். எக்ஸ்-ஓப்பன் கர்சஸ் தரம் 1996இல் டெர்ம்கேப் செயற்கூறுகளை 'விலக்கப்படவுள்ளவை' என்று குறித்தது, 2009 பதிப்பில் விலக்கியே விட்டது. ஆக, நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் நிரல் உண்மையில் எதைத் தொடுகிறது என்று பாருங்கள். எல்டிடி கட்டளை அது எந்த நூலகங்களோடு இணைந்திருக்கிறது என்று காட்டும். ஸ்ட்ரிங்ஸ் கட்டளையின் வெளியீட்டில் டெர்ம்கேப் என்ற சொல்லைத் தேடினால் உள்ளே பதிந்த பாதை தெரியும். எல்லாவற்றிலும் நம்பகமானது எஸ்ட்ரேஸ்: கோப்புத் திறப்பை மட்டும் கவனிக்கச் சொல்லி நிரலை ஓட்டுங்கள், எந்தக் கோப்பை எந்த வரிசையில் தேடியது என்பது வரிவரியாக வந்துவிடும். நிரலைத் தொடங்கிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட், எட்சியில் உள்ள புரொஃபைல், கிராணிகளின் வீட்டு அடைவிலுள்ள புரொஃபைல் ஆகிய மூன்றிலும் டெர்ம்கேப் மாறியை யாராவது அமைத்திருக்கிறார்களா என்றும் தேடுங்கள். மறைந்திருக்கும் தொல்லை பெரும்பாலும் இங்கேதான்.

எல்டிடி வெளியீட்டில் லிப்டெர்ம்கேப் பதிப்பு 2 என்று வந்தால், அது பழைய தனி நூலகம், புதிய கணினிகளில் கிடைக்காது. அந்தப் பெயரில் ஒரு குறியிணைப்பு (சிம்லிங்க்) செய்து டின்ஃபோவைக் காட்டிவிடும் குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். சில நிரல்கள் அப்படி ஓடவும் செய்யும். ஆனால் குனு டெர்ம்கேப்பில் டிபாராம் என்றொரு செயற்கூறு உண்டு, என்கர்சஸில் அது இல்லை. நிரல் அதைக் கூப்பிடும் இடத்துக்கு வரும்வரை எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். என்கர்சஸ் 5-இன் பெயரில் 6-ஐக் காட்டுவது இன்னும் மோசம். இரண்டுக்கும் இடையே உள் தரவு அமைப்புகளின் அளவே மாறியிருக்கிறது, திரை குழம்புவதோடு நிற்காமல் நினைவகமும் கெடலாம். மூலம் கையில் இருக்கும்போது குறியிணைப்பு வேண்டாம், மறுபடி கம்பைல் செய்யுங்கள். உபுண்டு 24.04-இல் என்கர்சஸ் 5 நூலகத் தொகுப்புகளே இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உங்கள் எஃப்1–எஃப்4 மர்மத்துக்கு வருகிறேன். தராசு அறையில் விண்டோஸ் கணினியில் புட்டி என்ற டெர்மினல் நிரல் மூலம் சர்வருக்குள் நுழைகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். புட்டி தன் டெர்மினல் வகையை எக்ஸ்டெர்ம் என்று அறிவித்துக்கொள்ளும். ஆனால் இயல்பு அமைப்பில் அது எஃப்1-க்கு அனுப்புவது எஸ்கேப், திறந்த சதுர அடைப்பு, 11, அலைக்குறி. டெர்மின்ஃபோவில் உள்ள எக்ஸ்டெர்ம் விவரமோ எஃப்1 என்றால் எஸ்கேப், பெரிய ஓ, பெரிய பி என்று சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாது. எஃப்5 முதல் எஃப்12 வரை இரு பக்கமும் ஒன்றே, அதனால்தான் முதல் நான்கு மட்டும் செத்தன. அப்படியானால் இதுவரை எப்படி ஓடியது? உங்கள் பழைய டெர்ம்கேப் கோப்பில் எக்ஸ்டெர்ம் பகுதியைத் திறந்து கே1 என்ற இடத்தைப் பாருங்கள். யாரோ புட்டிக்காக அதை 11, அலைக்குறி என்று திருத்தியிருப்பார்கள். தொடக்க ஸ்கிரிப்ட் டெர்ம்கேப் மாறியில் அந்தப் பாதையைக் கொடுத்தது, பழைய நூலகம் அதை மதித்தது. டெபியனின் டின்ஃபோ அந்த மாறியை எட்டியும் பார்க்காது, பிழைச் செய்தியும் தராது. சத்தமில்லாமல் பொதுவான எக்ஸ்டெர்ம் விவரத்தை எடுத்துக்கொள்ளும்.

தீர்வு இரண்டு. புட்டியின் கீபோர்ட் அமைப்புப் பக்கத்தில் எஃப் விசைகளுக்கு எக்ஸ்டெர்ம் ஆர்6 என்பதைத் தேர்ந்து அந்த செஷனைச் சேமிக்கலாம். அல்லது கனெக்ஷன் பகுதியின் டேட்டா பக்கத்தில் டெர்மினல் வகை என்ற இடத்தில் எக்ஸ்டெர்ம் என்பதை அழித்துவிட்டுப் புட்டி என்று கொடுக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அப்போது கணினி தன்னைப் பற்றி உண்மையைச் சொல்கிறது, ஹோம், எண்ட் விசைகளும் சேர்ந்து சரியாகிவிடும். ஆனால் புட்டிக்கான விவரம் டெபியனின் என்கர்சஸ்-பேஸ் தொகுப்பில் இல்லை, என்கர்சஸ்-டெர்ம் தொகுப்பில்தான் இருக்கிறது. பேஸில் எக்ஸ்டெர்ம், லினக்ஸ், விடி100, விடி220, ஸ்கிரீன், டிமக்ஸ் போன்ற சில மட்டுமே. அதனால் உங்கள் தொகுப்பின் சார்புப் பட்டியலில் என்கர்சஸ்-டெர்மைக் கட்டாயம் சேருங்கள். சேர்க்காவிட்டால் உங்கள் மேசையில் ஓடும், தோட்டத்தில் 'அறியாத டெர்மினல் வகை' என்று நிற்கும்.

திரையில் கட்டம் போடும் கோடுகளுக்குப் பதிலாக எல், க்யூ, கே என்று எழுத்துகள் ஓடினால் அது வேறு கோளாறு. யூடிஎஃப்-8 முறையில் உள்ள பழைய புட்டி, விடி100-இன் கோடு வரையும் முறையை ஏற்காது. நிரலை அகல எழுத்து என்கர்சஸோடு இணைத்து, என்கர்சஸ்-நோ-யூடிஎஃப்8-ஏசிஎஸ் என்ற மாறிக்கு 1 கொடுத்தால் தீரும்.

இனி விவரத்தைக் குடிபெயர்க்கும் வேலை. உங்கள் பட்டியலில் ஆயில் மில் வாசலில் இன்னும் ஒரு வைஸ் 60 சீரியல் டெர்மினல் இருப்பதால் இதை நிதானமாகச் சொல்கிறேன். கேப்டுஇன்ஃபோ என்ற கட்டளை டெர்ம்கேப் கோப்பை டெர்மின்ஃபோ மூல வடிவுக்கு மாற்றும். டிக் கட்டளை அதைக் கம்பைல் செய்யும். ஆனால் மாற்றியதை அப்படியே புதிய விவரமாக வெளியிடாதீர்கள். பழைய நூலகம் ஒரு டெர்மினலின் விவரத்துக்கு 1023 பைட்டுக்கு மேல் இடம் தராது. அதற்குள் அடக்க எழுதியவர்கள் பல திறன்களை வெட்டியிருப்பார்கள். கோப்பில் இல்லை என்பதால் டெர்மினலால் முடியாது என்று பொருளில்லை. என்கர்சஸ்-டெர்மில் உள்ள வைஸ் 60 விவரம் முழுமையானது, அதையே அடித்தளமாக வையுங்கள். மாற்றிய விவரத்தை டிக் கட்டளையின் சிறிய ஓ விருப்பத்தால் ஒரு தற்காலிக அடைவில் கம்பைல் செய்து, இன்ஃபோகம்ப் கட்டளைக்குப் பெரிய ஏ, பெரிய பி விருப்பங்களில் இரண்டு அடைவுகளையும் கொடுத்து ஒப்பிடுங்கள். வரும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை வெட்டப்பட்டவையாக இருக்கும், விட்டுவிடலாம். வேண்டுமென்றே திருத்தியவை மூன்று நான்கு தேறும், அவைதான் உங்களுக்கு வேண்டியவை.

ஒப்பிடும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. எஃப் விசைகளுக்கு டெர்ம்கேப்பில் கே1 முதல் கே9 வரை நேர்த் தொடர்பு, எஃப்10-க்குக் கே-யும் அரைப்புள்ளியும், எஃப்11-க்குப் பெரிய எஃப் எழுத்தும் 1-உம். பழைய கோப்புகள் சிலவற்றில் எஃப்10-ஐக் கே0 என்று எழுதியிருப்பார்கள். மாற்றும்போது அது எஃப்0 ஆகப் போய்விடும், அப்படி ஒரு விசை கீபோர்டில் கிடையாது. செக்ரோலில் 'சேமி' எஃப்10 என்றால் இதைத் தவறவிட முடியாது. வைஸ் 60 தன் எஃப்1-க்குக் கண்ட்ரோல்-ஏ, அட் குறி, என்டர் ஆகிய மூன்றையும் அனுப்பும், எஃப்2-க்கு நடுவில் பெரிய ஏ. விவரத்தில் இது இல்லாவிட்டால் கடைசி என்டர் தனியாக நிரலுக்குள் விழுந்து, பாதி நிரப்பிய எடைச் சீட்டு தானாகவே பதிவாகிவிடும். விசை செத்துப்போவதைவிட இது ஆபத்து. ஒரு விசை உண்மையில் என்ன அனுப்புகிறது என்று தெரிய, ஷெல்லில் கண்ட்ரோல்-வி அழுத்திவிட்டு அந்த விசையை அழுத்துங்கள், திரையில் தெரியும்.

நேரத் தாமதம் இன்னொன்று. டெர்ம்கேப்பில் குறியீட்டின் முன்னால் ஓர் எண் இருந்தால் அத்தனை மில்லிசெகண்ட் பொறுக்க வேண்டும் என்று பொருள், டெர்மின்ஃபோவில் அது டாலர் குறியும் கோண அடைப்பும் ஆகிறது. எக்ஸ்ஆன் என்ற கொடி விவரத்தில் இருந்தால் இந்தத் தாமதங்களில் கட்டாயமல்லாதவற்றை என்கர்சஸ் விட்டுவிடும், வேகத்தை டெர்மினலே கட்டுப்படுத்தும் என்று நம்பி. அப்படியானால் வைஸின் அமைப்பிலும் சர்வர் போர்ட்டிலும் எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் இயங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நீண்ட பட்டியல் ஓடும்போது நடுநடுவே எழுத்து விழுந்துபோகும். 9600 வேகத்தில் ஒரு செகண்டுக்கு 960 எழுத்துதான், 80-க்கு 24 திரை முழுவதையும் வரைய 2 செகண்ட் ஆகும். பழைய நிரல் ஒவ்வொரு பதிவுக்கும் முழுத்திரையைத் துடைத்து வரைந்தால் அது மெதுவாகத்தான் தோன்றும், அதை டெர்மின்ஃபோவின் குறையென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வைஸ் 50 ஏதாவது எஞ்சியிருந்தால் அதன் விவரத்தில் எஸ்ஜி 1 இருக்கும், டெர்மின்ஃபோவில் எக்ஸ்எம்சி. எழுத்தைத் தலைகீழ் நிறத்தில் காட்டும் குறியீடு திரையில் ஒரு கட்டத்தையே பிடித்துக்கொள்ளும் என்பது இதன் பொருள். வைஸ் 60-க்கு இந்தத் தொல்லை இல்லை. 60-ஐ 50 என்று அறிவித்து ஓட்டினால் பத்திகள் ஓரெழுத்து தள்ளிப்போகும்.

உங்கள் சொந்தத் திருத்தங்களைத் தனிப் பெயரில் ஒரு சிறு விவரமாக எழுதுங்கள். வைஸ்60-தோட்டம் போன்ற பெயர், அதில் திருத்திய வரிகள் மட்டும், கடைசியில் 'யூஸ்' மூலம் பொதுவான வைஸ் 60-ஐ இழுத்துக்கொள்ளும்படி. டெர்ம்கேப்பில் டிசி செய்த வேலை இதுதான். வரிசை முக்கியம்: முதலில் வருவதே நிற்கும், எனவே உங்கள் திருத்தம் 'யூஸ்'-க்கு மேலே இருக்க வேண்டும். தரத்தில் இல்லாத சொந்தத் திறன் ஏதும் இருந்தால் டிக் கட்டளைக்குச் சிறிய எக்ஸ் விருப்பம் வேண்டும், இல்லாவிட்டால் அது உதிர்ந்துவிடும். தனிப் பெயர் ஏன் என்றால், வைஸ் 60 என்ற பெயரிலேயே யூஎஸ்ஆர்-ஷேர் அடைவில் கோப்பு வைத்தால், தொகுப்புகளை நிறுவும் கருவியான டிபிகேஜி, 'இது என்கர்சஸ்-டெர்ம் தொகுப்பின் கோப்பு' என்று சொல்லி நிறுவலையே நிறுத்திவிடும். தொகுப்பு கட்டும் கட்டத்திலேயே டிக் ஓட்டிக் கம்பைல் செய்த கோப்பைச் சேருங்கள். மேக் கணினியில் கம்பைல் செய்ததை அப்படியே நகலெடுக்க வேண்டாம், அங்கே துணை அடைவின் பெயர் டபிள்யூ அல்ல, அந்த எழுத்தின் பதினாறடிமான எண்ணான 77. மூலத்தை நகலெடுத்து டெபியனிலேயே கம்பைல் செய்யுங்கள்.

தராசு நிரல் சீரியல் போர்ட்டைத் திறப்பதற்காக செட்யூஐடியாக (யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்கும்படி) அமைந்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அப்படிப்பட்ட நிரலில் டெர்மின்ஃபோ பாதையைச் சொல்லும் சூழல் மாறிகளையும் வீட்டு அடைவிலுள்ள விவரங்களையும் என்கர்சஸ் பாதுகாப்புக்காகப் புறக்கணிக்கும். சோதனையில் சரியாக ஓடி, நிறுவிய பிறகு மட்டும் உடைவதற்கு இது ஒரு காரணம். செட்யூஐடியை எடுத்துவிட்டுப் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்ப்பதே சுத்தமான வழி.

சீரியல் டெர்மினலுக்கு வகையைச் சொல்வது இப்போது, சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் வேலை. சீரியல்-கெட்டி சேவை, வேறு சொல்லாவிட்டால் விடி220 என்றே வைத்துக்கொள்ளும். சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் அந்தப் போர்ட்டின் சேவையைத் திறந்து, எக்ஸெக்ஸ்டார்ட் என்ற வரியை முதலில் வெறுமையாக ஒருமுறை எழுதி, அடுத்த வரியில் அகெட்டி கட்டளையை 9600 வேகத்தோடும் உங்கள் டெர்மினல் பெயரோடும் எழுதுங்கள். வெறுமை வரி இல்லாவிட்டால், இரண்டு தொடக்கக் கட்டளைகள் இருப்பதாகச் சொல்லி சேவை எழுந்திருக்காது. இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காமலிருக்க யாராவது குனு ஸ்கிரீனுக்குள் நிரலை ஓட்டினால், அது தானே டெர்ம்கேப் மாறியை அமைத்துவிடும். புதிய நிரலுக்கு அதனால் கேடில்லை. பழைய நிரல் ஏதும் பக்கத்தில் ஓடினால் அது அந்த மாறியை நம்பிப் போகும், ஆகவே தொடக்க ஸ்கிரிப்ட்டில் அந்த மாறியை நீக்கிவிட்டு நிரலை அழையுங்கள்.

என்கர்சஸை டெர்ம்கேப் ஆதரவோடு தனியாகக் கம்பைல் செய்து தொகுப்போடு அனுப்பலாமா என்று கேட்பீர்கள். முடியும், அதற்கான கட்டமைப்பு விருப்பமும் உண்டு. வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. டெர்மின்ஃபோவில் கிடைக்காவிட்டால் டெர்ம்கேப்பில் தேடு என்று வைத்தால், எந்த விவரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒவ்வோர் ஆபிஸுக்கும் எஸ்ட்ரேஸோடு போக வேண்டியிருக்கும். அதோடு ஒரு நூலகத்தின் பாதுகாப்புத் திருத்தங்களையும் நீங்களே சுமக்க வேண்டும். விட்டால் முழுதாக விடுங்கள்.

வெளியீட்டை இரண்டு பதிப்புகளாகப் பிரியுங்கள். முதல் பதிப்பில் நிரல் புதிய நூலகத்தோடு இணையட்டும், புதிய விவரங்கள் நிறுவப்படட்டும், பழைய கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். தொடக்க ஸ்கிரிப்ட், டெர்ம்கேப் மாறி அமைந்திருந்தால் ஒரு வரி எச்சரிக்கையைப் பதிவேட்டில் எழுதட்டும், கிராணியின் திரையில் அல்ல. டெபியன் அடைவின் நியூஸ் கோப்பில் என்ன மாறுகிறது, புட்டியில் எதை மாற்ற வேண்டும் என்று நாலு வரி எழுதுங்கள். இரண்டாவது பதிப்பில்தான் கோப்பு நீங்க வேண்டும். எந்த நாளில் வெளியிடுவது என்பதையும் பாருங்கள். வேலைவாய்ப்புச் சட்டம் 1955-இன்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும், எனவே மாதக் கடைசியிலிருந்து அடுத்த மாதம் 7ஆம் தேதிவரை செக்ரோல் சர்வரில் கை வைக்காதீர்கள். தராசுப் பக்கத்தைச் செம்பனைக் குலை குறைவாக வரும் ஆண்டுத் தொடக்க மாதங்களில் மாற்றினால், லோரிகள் வரிசைகட்டி நிற்கும் நாளில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

சோதனையை எமுலேட்டரில் முடித்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு வகைக் கருவியிலும் எஃப்1 முதல் எஃப்12, நான்கு அம்புக்குறி, ஹோம், எண்ட், பேக்ஸ்பேஸ், திரை துடைப்பு, தலைகீழ் நிறம், கடைசி வரியின் கடைசிக் கட்டம் ஆகியவற்றை உங்கள் நிரலுக்குள்ளேயே அழுத்திப் பாருங்கள். மெதுவான இணைப்பில் எஃப் விசையின் எழுத்துகள் பிரிந்து வந்தால் நிரல் அதைத் தனி எஸ்கேப்பாக எடுத்து, பதிவை ரத்து செய்துவிடும். என்கர்சஸ் இயல்பாக 1000 மில்லிசெகண்ட் காத்திருக்கும். யாராவது வேகத்துக்காக எஸ்க்டிலே மாறியை 25 என்று குறைத்திருந்தால் அதை மீண்டும் உயர்த்துங்கள்.

கோப்பை நீக்கும் பதிப்பில் ஒரு நுணுக்கம். எட்சியில் இருப்பதால் அது அமைப்புக் கோப்பு. தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டாலும் தோட்டச் சர்வரின் வட்டில் அது அப்படியே கிடக்கும். டெபியன் அடைவில் மெயின்ட்ஸ்கிரிப்ட் கோப்பில், ஆர்எம்-கான்ஃபைல் என்று தொடங்கி, கோப்பின் பாதை, நீக்கும் பதிப்பின் எண், அதன் பின்னே ஓர் அலைக்குறி என்று ஒரு வரி எழுதுங்கள். யாரும் தொடாத கோப்பு அழிந்துவிடும். திருத்தப்பட்டது அழியாமல் டிபிகேஜி-பேக் என்ற வால் சேர்ந்து அங்கேயே நிற்கும். மேம்படுத்தி முடித்ததும் எல்லா ஆபிஸ்களிலும் அந்த வாலோடு உள்ள கோப்பைத் தேடுங்கள். எங்கே கிடைக்கிறதோ, அந்த ஆபிஸில் உங்களுக்குத் தெரியாத திருத்தம் ஒன்று இருந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து, நீங்கள் முதலில் அனுப்பிய கோப்போடு டிஃப் போட்டு, மாறிய வரி ஒரு விசையாக இருந்தால் அடுத்த பதிப்பின் டெர்மின்ஃபோ மூலத்தில் சேருங்கள். அதுவரை அந்த ஆபிஸின் பேக் கோப்பை அழிக்க வேண்டாம்.